அமாவாசையில் ஓடிய தறி

எங்கள் தெருவிலேயே நின்றுகொண்டு தறிச்சத்தம் தொல்லை என்றால் கோபம் வராதா? என்னோடு சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஷாரோன் அப்படித்தான் சொன்னாள்.

"மகா, ஸ்க்ரீன் முழுக்க தறிதான். மண்டபச் சுவர்ல விரிசலை எங்கே தேடறது?"

கல்லுக்குள் விரிசல் ஓடும்போது காதுக்கு எட்டாத சத்தம் எழும். கோயில் மண்டபத்தின் பின்சுவரில் நாங்கள் ஒட்டிய சென்சார்களை அது முன்னும் பின்னுமாக வந்தடையும். அந்த நேர இடைவெளியை வைத்து, சத்தம் பிறந்த இடத்தில் நியூரல் நெட்வொர்க் ஒரு புள்ளி வைக்கும். விரிசல் சத்தம் எப்படியிருக்கும் என்று, பென்சில் முனைகளைக் கல்லில் ஒடித்து ஒடித்து அதைப் பழக்கியிருந்தோம். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் அண்ணன் குமாரசாமியின் வீடும், தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற அவர் குழித்தறியும். சுவர் சரிந்தால் அண்ணன் தலைமேல்தான். எனக்கு வேறென்ன கவலை!

சரி தாயே என்று, தறிச்சத்தத்துக்குத் 'தறி' என்று பெயர் போட்டுப் பிரித்து மறைத்துவிட நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்தேன். திரை பளிச்சென்று ஆனது. விரிசலே இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அமாவாசை வந்தது. அன்று எங்கள் ஊரில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தெருவே அடங்கிக் கிடந்தது. மதியம் மண்டபத்து முன்பக்கம் உட்கார்ந்து, வெறுமையாகத்தானே இருக்கும் என்று மறைத்ததைத் திறந்தேன்.

புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. தறி. தறி. தறி. எல்லாம் அண்ணனின் குழிக்குள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டேன்.

"அண்ணா, இன்னைக்கும் தறியில குந்திகினு இருக்கியா?"

"இன்னாமா பேசற? அமாவாசைல யாருனா நெய்வாங்களா? சாப்ட்டுக்கினு இருக்கறேன்."

"அப்ப உன் தறியில யாரு?"

எழுந்து போய்ப் பார்த்தார்.

"யாரும் இல்லமா. ஆனா மிதிப்பலகை ஆடிக்கினு இருக்குது."

"வெளிய வாண்ணா!"

"பாவு நூலு பாதியில நிக்குதுமா, அறுத்து எடுத்துக்கினு…"

"பாவும் வேணாம், கீவும் வேணாம்! ஓடியாண்ணா!"

போனோடு நான் பின்பக்கம் ஓடவும் அண்ணன் வாசற்படி தாண்டினார். பின்னாலேயே தரை உள்வாங்கி, தறி மொத்தமும் மண்ணுக்குள் போனது. சுவரின் அடிக்கல் இரண்டாகப் பிளந்திருந்தது. இத்தனை நாளும் அது அண்ணன் மிதிக்கிற தாளத்திலேயே விரிசல் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதைத் தறி என்று ஒதுக்கியிருக்கிறோம்.

அண்ணனை மண்டபத்து முன்பக்கம் கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். பிழைத்தாரே, அது போதும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். தறி. தறி. தறி. புள்ளிகள் இப்போது குழியில் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தன.

குனிந்தேன். அண்ணனின் கால்கள் கல்தரையை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தன.

"நிறுத்துண்ணா," என்று முட்டியை அழுத்திப் பிடித்தேன். கால்கள் நிற்கவில்லை.

அவரும் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"நான் எங்கமா மிதிக்கறேன்?"