கண்ணுக்குள் இரண்டாம் முறை

புயல் வருகிறது என்றால் எல்லாரும் ஓடுவார்கள். நாங்கள் அதைத் தேடிப் போவோம். விமானம் ஓட்டுவது நான். பின்னால் திரைகளுக்கு முன் உட்கார்ந்து என் உயிரை வாங்குபவள் வானிலை விஞ்ஞானி. குழுவில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். பேச்சு அப்படிக் குத்தும்.

ஐந்து நாளைக்கு முன் செயற்கைக்கோள் படத்தில் அது வெறும் மேகத் திட்டு. "கடல் சூடா இருக்கு, இது சும்மா போகாது" என்றாள் ஊசி. நாங்கள் சிரித்தோம். சூடான கடலிலிருந்து ஈரக்காற்று மேலே ஏறியது, கீழே அழுத்தம் குறைந்தது, அந்த இடத்துக்கு நாலாபக்கமிருந்தும் காற்று ஓடிவந்தது, பூமியின் சுழற்சி அதைச் சுற்றவிட்டது. அவள் சொன்னபடியே திட்டு புயலாகிவிட்டது.

அது குறிவைத்த கரையில் என் மனைவியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவள்தான் தலைமை நர்ஸ். நான் கிளம்பும் முன் போனில் சொன்னாள்: "பத்தொம்பது பிள்ளைங்க, குழாயும் மிஷினுமா கிடக்குதுங்க. தூக்கிட்டுப் போறதே ஆபத்து. புயல் வலுக்குதுன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் அசைப்பேன்."

மேகச் சுவர் எங்களைப் புரட்டி எடுத்தது. பிறகு சட்டென்று அமைதி. தலைக்கு மேல் நீல வானம், சுற்றிலும் வெள்ளைச் சுவர். எத்தனை முறை பார்த்தாலும் வாய் பிளக்க வைக்கும் இடம், புயலின் கண். ஊசி ஒரு முழ நீளக் கருவியைக் கீழே விட்டாள். குட்டிப் பாராசூட்டில் இறங்கிக்கொண்டே அது காற்றையும் அழுத்தத்தையும் அளந்து அனுப்பும்.

எதிர்ச்சுவரைக் கடந்து வெளியே வந்தபோது, "காலையில அளந்ததைவிட அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கு" என்றாள். அப்படியென்றால் புயல் தளர்கிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அனுப்பிடும்மா, கிளம்பலாம்."

"இல்ல கேப்டன். கருவி தண்ணியில விழும்போது எழுபது கிலோமீட்டர் காத்து காட்டுது. நடுமையம்னா காத்து செத்துப்போயிருக்கணும். கண் சின்னது, கருவி ஓரமா ஒதுங்கிடுச்சு. ஓரத்துல அழுத்தம் கூடத்தான் காட்டும். இன்னொரு தடவை போகணும்."

மறுபடியும் அந்தச் சுவரா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்தக் கரையில என் பொண்டாட்டி இருக்கா. நல்ல சேதி வந்தா உனக்குப் பொறுக்காதா?"

"எனக்கும் இது நல்ல சேதியா இருக்கணும்னுதான் ஆசை. அதனாலதான் நம்பப் பயமா இருக்கு."

விமானத்தைத் திருப்பினேன். உள்ளே போகும்போது பையில் வாந்தி எடுத்துக்கொண்டே அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இரண்டாவது கருவி விழுந்த இடத்தில் காற்றே இல்லை. அழுத்தம் காலையில் இருந்ததைவிடப் பதினொரு மில்லிபார் இறங்கியிருந்தது. புயல் தளரவில்லை, வெறி பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கரைக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மதியம் அந்த வார்டில் கடல் மார்பளவு நின்றது. மேட்டுப்பகுதி ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"பத்தொம்பதும் ஒண்ணாக் கத்துதுங்க, அப்புறம் பேசறேன்."

"வச்சிடாதே, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, போனை ஊசியின் காதில் வைத்தேன்.