ஒரே எண்ணில் இருவர்

டவுட்டு அக்காவிடம் மாட்டினால் அன்றைக்கு நேரத்தோடு வீடு போய்ச் சேர முடியாது என்று அலுவலகத்தில் எல்லோரும் புலம்புவார்கள். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. தான் எழுதும் நிரலில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது என்பது அங்கே வேலை பார்க்கும் இளைஞன் ஒருவனின் கட்சி.

அவன் எழுதியது ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்துக்கான மென்பொருள். அங்கே வரும் ரத்தம், திசு என ஒவ்வொரு மாதிரிக்கும் கணினி நீளமாக ஓர் அடையாள எண்ணை உருவாக்கும். உலகத்தின் எந்த மூலையில் உருவாக்கினாலும் ஒரே எண் இரண்டு தடவை வராது என்பதுதான் அதன் பெருமை. அப்படியிருந்தும், எண் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்க ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். வேகத்தைக் குறைக்கும் இந்தத் தண்டத்தைத் தூக்கிவிடலாம் என்று அவன் தலைகீழாக நின்றான்.

"நடக்கவே நடக்காதுங்கிற. அப்ப அது சும்மா கிடந்துட்டுப் போகட்டுமே தம்பி, உனக்கென்ன?" என்றாள் அக்கா. மேலதிகாரியிடம் போனான். அவரும் கையை விரித்துவிட்டார்.

கூடத்துக்கு இரண்டாவது கிளை திறந்தபோது, புதுக் கணினியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ அவனுக்குச் சோம்பல். திறப்புக்கு முந்தின இரவு பழைய கணினியை அப்படியே நகலெடுத்துப் போட்டான். எண்களை உருவாக்கும் பகுதி அவனே எழுதியது. எந்த இடத்திலிருந்து அடுத்த எண்ணை ஆரம்பிக்க வேண்டும் என்பதை அது ஒரு கோப்பில் வைத்திருக்கும். அந்தக் கோப்பும் கூடவே போயிற்று. இரண்டு கணினிகளும் ஒரே எண்களை ஒரே வரிசையில் கொடுக்கும் என்பது மேதைக்கு உறைக்கவே இல்லை.

திறப்பு நாளன்று மத்தியானம் கிளையின் டெக்னீஷியன் போன் செய்தார். முதலில் வந்த ஒரு பெண்ணின் மார்புத் திசு மாதிரியையே கணினி ஏற்க மறுக்கிறதாம். அவன் அலட்சியமாகத்தான் திரையைத் திறந்தான். இரண்டு கூடங்களுக்கும் பொதுவான பதிவேட்டில், அதே எண் பழைய கூடத்தில் காலையிலேயே வேறொருவருக்குப் போயிருந்தது. பெயரை இரண்டு தடவை படித்தான். அவனுடைய அண்ணி.

அம்மா போன பிறகு சோறு போட்டு, படிக்க வைத்து, அவனை ஆளாக்கியவள். மார்பில் கட்டி என்று திசு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தடுப்பு மட்டும் இல்லையென்றால் இரண்டு பேரும் ஒரே எண்ணில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த முடிவு முதலில் வருகிறதோ, அதுதான் இருவருக்கும் போயிருக்கும்.

உடனே அந்தக் கோப்பை மாற்றிச் சரிசெய்தான். அந்த இன்னொரு பெண்ணின் முடிவுதான் முதலில் வந்தது. ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி. மறுநாள் அண்ணியுடையது வந்தது. புற்றுநோய், ஆனால் ஆரம்பக் கட்டம். இப்போதே அறுவை செய்தால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அவன் அண்ணியிடம் எதையும் மறைக்கவில்லை. சோம்பலையும், தடுப்புக்காக டவுட்டு அக்காவோடு போட்ட சண்டையையும் சேர்த்தே சொல்லி அழுதான். அண்ணி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"கெட்ட சேதிதான். ஆனா என்னோடது என்கிட்டயே வந்துச்சுல்ல, அது போதும்டா. உன்னைத் தடுத்த அந்தப் பொண்ணுகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ."

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் அண்ணி அவன் அலுவலகத்துக்கு வந்தாள். அவன் அக்காவுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அண்ணி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இவன் நல்ல பையன்தாம்மா. ஆனா இவன் எழுதுறத மட்டும் என்னைக்கும் நம்பிடாத."

அக்கா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு தன் நாற்காலியை இழுத்து அண்ணியை உட்கார வைத்தாள்.