படுகளத்தில் வாசித்த மூன்றாம் அத்தியாயம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பெருமைக்காக ஆரம்பித்தது. அறுபத்தைந்தாம் வருஷத்து எல்லை யுத்தத்திலிருந்து கால் விந்தி விந்திச் செஞ்சிக்குத் திரும்பிய அரிகிருஷ்ணன் நான். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெங்கடரமணன், "நீ எழுதுப்பா, நான் அச்சு போட்டுத் தரேன்" என்றார். அன்றே உட்கார்ந்துவிட்டேன்.

'பீரங்கிகள் முழங்கின. வீரத் தமிழன் நெஞ்சை நிமிர்த்தி—'

(நான் நெஞ்சை நிமிர்த்தவில்லை. கரும்புக் கொல்லையில் குப்புறக் கிடந்தேன்.)

'வானம் செக்கச்செவேலென்று—'

(வானத்தை யார் பார்த்தது?)

2

மூன்றாவது தொடக்கம்: 'நான் ஒருவனைத் துப்பாக்கி முனைக் கத்தியால் வயிற்றில் குத்தினேன்.' இது மட்டும் அடித்தல் இல்லாமல் வந்தது. முதலில் வைக்கத் தைரியமில்லாமல் மூன்றாம் அத்தியாயமாக வைத்தேன்.

அவன் பெயர் ரஷீத், எதிர்ப்பக்கத்துச் சிப்பாய். குத்திய மறுநிமிடம் குண்டு விழுந்தது. இருவரும் ஒரே பள்ளத்தில். என் தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சியது. அவன் தன் பெல்ட்டைக் கழற்றி என் தொடையை இறுக்கிக் கட்டினான். நான் என் தண்ணீரைக் கொடுத்தேன்.* பட்டாளத்து இந்தியில் பேசிக்கொண்டோம். அவன் ஊரிலும் எங்கள் ஊர் மாதிரி வேர்க்கடலைக் கொல்லைதானாம்; நாங்கள் கல்லக் கொல்லை என்போம். மத்தியானத்துக்குள் செத்துப்போனான்.

முதல் வரைவில் அவன் சிரித்தபடி செத்தான். பொய். வலி பொறுக்காமல் என் சட்டைக் கையைக் கடித்தான். திருத்திவிட்டேன். ஏன் எனக்குக் கட்டுப்போட்டான்? கதை எழுதுகிறவன் ஒரு காரணம் வைக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

(* வயிற்றில் குத்துப்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.)

3

வெங்கடரமணன் படித்தார். "மத்ததெல்லாம் சோக்கா இருக்குது. மூணாவது அத்தியாயத்த மட்டும் எடுத்துடுப்பா. எதிரிக்குப் போயி கண்ணீரா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

எடுத்துவிடத்தான் நினைத்தேன். அச்சில் என் பெயரைப் பார்க்கும் ஆசை அப்படி. என் மனைவி கண்ணம்மாள் விடவில்லை.

"அவன் கட்டலன்னா எங்கழுத்துல தாலி இருக்குமா? அவன் பேர எடுத்துட்டு உங்களுக்கு இன்னாத்துக்குப் புஸ்தகம்?"

4

சித்திரையில் அம்மன் கோயில் பாரதக் கூத்தின் கடைசி நாள், படுகளம். பதினெட்டு நாள் போரில் தோற்ற ராசாவை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து தரையில் மல்லாத்தியிருந்தார்கள். கூத்து ஆரம்பிக்கும் முன், நிஜ யுத்தம் பார்த்தவன் நாலு வார்த்தை பேசட்டும் என்று தர்மகர்த்தா மைக்கைக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தேன். முழுக்கப் படித்தேன்.

முன்வரிசையில் வெங்கடரமணன் எழுந்தார். "பகையாளிக்கு எவனாச்சும் அழுவானா?"

ஆண்டுதோறும் அந்த மண் ராசாவுக்கு ஒப்பாரி வைப்பவள் ரத்தினம்மாள். தலையை விரித்துப்போட்டுத் தயாராக நின்றவள் திரும்பினாள்.

"வருசா வருசம் இவனுக்கு மாரடிச்சி அழுவுறனே, இவன் மட்டும் நமக்கு இன்னா மாமனா மச்சானா? குந்துங்க மொதலாளி!"

முதலில் ராசாவுக்கு அழுதாள். அடுத்து, "கல்லக் கொல்லைய விட்டுட்டுக் கரும்புக் கொல்லையில படுத்தியே, ரஷீதே!" என்றாள். பக்கத்துச் சிங்கவரத்திலிருந்து வந்திருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்தார்கள். அவன் பெயர் ராஜகிரிக் கோட்டை மலையில் மோதித் திரும்பி வந்தது. ஜெயித்துவிட்டேன்! சண்டை நின்ற அன்று வராத சந்தோஷம் அப்போது வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன்.

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். வெங்கடரமணன் மனம் மாறி அச்சு போடுகிறார் (அவர் இன்னும் என்னோடு பேசவில்லை). ரஷீதின் தாயிடமிருந்து கடிதம் வருகிறது (எழுதும்போதே கூசியது). மூன்றாவது, நடந்தது. படுகளம் முடிந்ததும் அந்த மண்ணை ஊரே வீட்டுக்கு அள்ளிப் போகும். விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. கண்ணம்மாள் இரண்டு பிடி அள்ளினாள்.

"ஒண்ணு நம்ம கொல்லைக்கி. இன்னொண்ணு அவங்க கொல்லைக்கி."

அந்த இரண்டாவது பிடி ஒரு பால்பவுடர் டப்பாவில் இருக்கிறது. எல்லை தாண்டிக் கொண்டுபோக எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் மீதிக் கதையை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். அவன் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.