இரண்டு ஷிப்டுத் தீவனம்

பவுனு முன்னங்கால் இரண்டையும் நீட்டி வைத்து, உடம்பைப் பின்பக்கம் சாய்த்து நின்றாள். பிள்ளைப்பாக்கத்தில் ராஜசேகர் வீட்டுக் கொட்டகையில் மூன்று நாளாக அப்படியேதான் நிற்கிறாள். குளம்பில் கல் சிக்கியிருக்கும் என்று அவன் தூக்கிப் பார்த்துவிட்டான். கல்லும் இல்லை, முள்ளும் இல்லை. ஓர் அடி நடத்திப் பார்த்தால் தணலை மிதித்தவள்போல் காலை இழுத்துக்கொண்டாள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் வீட்டில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவன் கல்யாண ஊர்வலத்துக்கு மணிமங்கலத்திலிருந்து வாடகைக்கு வந்தவள் பவுனு. மற்ற மாப்பிள்ளைகள் இறங்கியதும் குதிரையை மறந்துவிடுவார்கள். இவனால் முடியவில்லை. ஆறு மாதம் கழித்து அவளை வைத்திருந்தவர் தொழிலை விட்டபோது, நேரே போய்க் கேட்டு வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டான். புதுப் பெண்டாட்டி சசிரேகாவிடம் ஒரு வார்த்தை கேட்டானா என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

கால்நடை டாக்டர் தென்றல் வந்து குளம்பில் கைவைத்துப் பார்த்தார். அடுப்புமேல் வைத்த கல்போல் சுட்டது. கழுத்து மேட்டை அமுக்கினார், கெட்டியாகக் கொழுப்பு. விலாவைத் தடவினார்; ஓர் எலும்புகூடக் கைக்கு அகப்படவில்லை.

"குளம்புக்குள்ள வீக்கம். உள்ள வீங்க இடமே கிடையாது, அதான் இந்த வலி. ரொம்பக் குண்டாயிட்டா. என்ன தீனி தர்றீங்க?"

"புல்லு போக ஒரு வாளிதான் மேடம். கொள்ளு, தவிடு, ஒரு கட்டி வெல்லம்," என்றான் ராஜசேகர்.

"நானும் ஒரு வாளிதான் வெக்கிறேன்," என்றாள் சசிரேகா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் ஒரு கம்பெனி, அவள் வேறொரு கம்பெனி. அவள் அங்கே தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அவனுக்கு முதல் ஷிப்டு என்றால் அவளுக்கு இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை தவிர முழுசாக முகம் பார்த்துக்கொள்வதில்லை. கம்பெனியில் ஷிப்டு மாறும்போது எது ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று அடுத்தவனிடம் சொல்லாமல் போனால் சூப்பர்வைசர் கிழித்துவிடுவார். வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. ஒன்பது மாதம் பவுனு இரண்டு ஷிப்டுத் தீவனத்தையும் வாய்பேசாமல் தின்றிருக்கிறாள். பார்த்தவர்கள் "இன்னா புஷ்டியா கீது!" என்று சொல்லச் சொல்ல, ராஜசேகரும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்.

"நீ அலுத்துப்போய் வேலைக்குப் போயிருப்ப, வெச்சிருக்க மாட்டேன்னு நென்ச்சேன்," என்றான்.

"நானும் உனக்கு வேல மிச்சமாவட்டும்னுதான்யா வெச்சேன்," என்றாள் அவள். அன்பு செய்த வேலை இது என்று தெரிந்தபோது இரண்டு பேருக்குமே வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு ஒளிக்காமல் சொன்னார். "உள்ள இருக்கிற எலும்பு சரிஞ்சிடுச்சுன்னா இவ திரும்ப நிக்கமாட்டா. அப்புறம் நான் வந்தும் பிரயோஜனமில்ல."

கொள்ளு, தவிடு, வெல்லம், பச்சைப்புல் எல்லாம் நின்றது. காய்ந்த புல் மட்டும், அதையும் எடைபோட்டு, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இனிப்பு இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தரவேண்டும். ஒரேயடியாகப் பட்டினி போடுவதும் ஆபத்து. காலடியில் முழங்கை ஆழத்துக்கு மணல். குளம்புக்குக் குளிர்ந்த தண்ணீர். லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவிவிட ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

"இழுத்து நடத்தாதீங்க. வலி விட்டா அவளே நடப்பா. இனிமே தீனி ஒரே கையிலதான் போகணும். மனசு இளகாத கை."

ராஜசேகரைப் பார்த்து சசிரேகா சிரித்துவிட்டாள். வேலைக்குப் போகுமுன் புல்லை எடைபோட்டு வலைப்பைகளில் கட்டி வைக்கிற பொறுப்பு அவளுக்குப் போனது. அவன் தண்ணீர் ஊற்றலாம், சாணம் அள்ளலாம், எடுத்து வைத்த பையை மாட்டலாம். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் தெருமுனை திரும்பும்போதே பவுனு கனைப்பாள். முதல் வாரம் கனைத்தாள். இவன் வெறுங்கையோடு வந்து நின்றான். இரண்டாம் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சசிரேகாவின் ஸ்கூட்டி சத்தத்துக்குத்தான் இப்போது காது நிமிர்ந்தது. இத்தனை நாளும் பவுனு கூப்பிட்டது என்னையா, வாளியையா என்று யோசித்தபடியே ராஜசேகர் ஓடாத ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருந்தான். சொல்லவே வெட்கம், பெண்டாட்டிமேல் அவனுக்குப் பொறாமை வந்தது.

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் சட்டைப்பையில் வெல்லக்கட்டியோடு கொட்டகைக்குள் போனான். பவுனு காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். கட்டியை வெளியே எடுத்தும்விட்டான். அப்போது அவள் கால் மாற்றி நின்றாள். வலியில் கண்ணிமை துடித்தது. கட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. குளம்புக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மணலைத் தாண்டி வாசலோரத் தரையில் குந்தியிருந்தான். பின்னால் ஏதோ அசைகிற சத்தம். திரும்பிப் பார்த்தான். பவுனு மணலின் விளிம்புக்கு வந்திருந்தாள். ஒரு கால் கெட்டித் தரையில் பட்டது. நின்றாள். அடுத்த காலையும் வைத்தாள். நாலு அடி. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் அசையாமல் இருந்தான். அவள் அவன் உள்ளங்கைகளை முகர்ந்தாள், இரண்டும் காலி என்று தெரிந்துகொண்டாள், போகவில்லை. தலையை அவன் தோளில் சாய்த்துப் பாரத்தை இறக்கினாள்.

"சசி! நடந்துட்டா! ஓடியா!"

சசிரேகா ஈரக்கையோடு ஓடிவந்தாள். குதிரையின் காலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். தரம் பார்க்கிறவளுக்கு லேசில் நம்பிக்கை வராது.

"கையில இன்னா வெச்சிருந்த? நெசத்தச் சொல்லு."

அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அவள் குனிந்து அவற்றை மோந்து பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல சசி. வெறுங்கைக்கே வந்தா," என்று சொல்லி முடிக்குமுன் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.