இரண்டாம் ஞானஸ்நானம்

ஒவ்வொரு கோடையிலும் ஆர்கன்சாவில் எங்கள் ஊருக்கு வந்து கூடாரம் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்துகிற பிரசங்கியார் ஹார்ஜிஸ், 1915இல் ஒரு புது வெளிச்சத்தோடு வந்து இறங்கினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதாம். இயேசுவின் நாமத்தில் மட்டும் திரும்ப மூழ்கி எழ வேண்டுமாம். இல்லாவிட்டால் இரட்சிப்பு கிடையாதாம். போன கோடைவரை அந்த மூன்று பெயரையும் தொண்டை கிழியச் சொன்னவர் இவர்தான். பரலோகத்துக்குப் போகிற வழி ஒரே வருஷத்தில் மாறிவிடுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சபை இரண்டாகப் பிளந்தது. அறுவடைக்கு ஒன்றாகப் போனவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. என் கவலை கிளெல். ஒன்பது வயது மகன், மார்ச்சில் காய்ச்சலில் போய்விட்டான். சாவதற்கு முன் அவனாகவே ஞானஸ்நானம் கேட்டான். சபை மூப்பரான என் கணவர் ஆர்வில் அவனைப் போர்வையோடு ஓடைக்குத் தூக்கிப்போய் முழுக்கி எடுத்தார். நடுங்கிக்கொண்டே சிரித்தான் பிள்ளை. மூன்று பெயரில்தான் கொடுத்தார்.

இறந்துபோன பிள்ளைகளின் கதி என்ன என்று ஹார்ஜிஸிடமே போய்க் கேட்டேன்.

"வேதம் என்ன சொல்லுதோ அதத்தான் நான் சொல்ல முடியும், சகோதரி லூட்டி" என்றார்.

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.

ஞாயிறன்று எல்லோரும் ஓடைக்குப் போனோம். ஆர்வில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கரையில் ஒரே அல்லேலூயாவும், ஆவி வந்து பேசுகிற அந்நிய பாஷையும். முழுகி எழுந்தவர் நேரே என்னிடம் வந்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தப்பாக் கொடுத்துட்டேன், லூட்டி. என் கையாலயே நம்ம பையன நரகத்துக்கு அனுப்பிட்டேன்" என்றார். "நீயாவது வா."

நரகத்துக்குப் பயப்படாதவள் இல்லை நான். இறங்கிவிடலாம் என்று ஒரு காலை எடுத்துக்கூட வைத்தேன். முடியவில்லை.

"அவன் அங்க இருக்கான்னு நீங்களே சொல்றீங்க. ஒன்பது வயசுப் பிள்ளைய அங்க தனியா விட்டுட்டு நான் எங்க வர்றது?"

ஹார்ஜிஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து முழங்காலிட்டேன். மூன்று பெயரைச் சொல்லி ஆரம்பித்தால் பக்கத்து அறையில் இருக்கும் ஆர்வில் உடைந்துபோவார். ஒரு பெயரைச் சொன்னால் கிளெலை நானும் கைவிட்டதாகும். வாயைத் திறக்காமலே எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஜெபித்ததில்லை.