செண்பகம் குளிப்பாட்டிய கம்ப்யூட்டர்

ஆயுத பூஜை வந்துவிட்டால் செண்பகத்தின் கை சும்மா இருக்காது. அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மெஷின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். மந்தைவெளியில் அவர்கள் தெருவே அப்படித்தான். புருஷன் துரைராஜ் பூஜைக்கு முந்தின நாள் காலையிலேயே ஆட்டோவைக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்ட ஆரம்பித்துவிடுவான்.

இந்த வருஷம் வீட்டில் புதிதாக ஒரு ஆயுதம் சேர்ந்திருந்தது. மகள் அனுப்ரியாவுக்குத் தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கண்டிஷன். விஜயதசமியன்று காலை சேர வேண்டும். அதற்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். போட்டவுடன் அது மாவு மில் மாதிரி இரைந்தது. உள்ளே தூசி அடைத்திருக்கிறது, பூஜைக்குள் சுத்தம் பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டு அனுப்ரியா, வேலையில் சேருமுன் கம்பெனி வைத்த டிரெயினிங்குக்குக் கிளம்பிப் போனாள்.

செண்பகத்துக்கு இது போதாதா? பிளக்கைப் பிடுங்கினாள். துரைராஜை விட்டு ஸ்க்ரூவைக் கழற்றவைத்தாள். உள்ளே பார்த்தால், கண்றாவி, பழைய மெத்தையைப் பிரித்துக் கொட்டியது போல அழுக்கு. ஆட்டோவுக்குக் கரைத்த ஷாம்பூ தண்ணீர் பக்கெட்டில் மிச்சம் இருந்தது. பிறகென்ன, மூலை முடுக்கெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பூச்சரம் வேறு.

திரும்பி வந்த அனுப்ரியா பளபளப்பைப் பார்த்து முதலில் பூரித்துத்தான் போனாள். எதைப் போட்டுத் துடைத்தாய் என்று கேட்டாள். ஷாம்பூ என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தாலாவது செண்பகத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இது போச்சுன்னா வேலயும் போச்சும்மா" என்று மட்டும் சொன்னாள்.

பெற்ற பெண்ணின் பிழைப்பில் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிவிட்டோமே என்று செண்பகம் மருகினாள்.

உடனே போட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்த அனுப்ரியாவைத் துரைராஜ் மறித்தான். சாமி முன்னால் வைத்த ஆயுதத்தை விஜயதசமிக்கு முன்னால் எடுத்து வேலை வாங்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றான்.

"வேலயே போவுதுன்றேன், நீ இன்னா நைனா சாமி கீமின்னு பேசிக்கினு கீறே?"

அப்பனும் மகளும் மல்லுக்கட்டி முடிந்த பிறகு, தி. நகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வாஜித்துக்கு அனுப்ரியா போன் போட்டாள். கூடப் படித்தவன். விஷயத்தைக் கேட்டுச் சிரி சிரி என்று சிரித்துவிட்டு, தண்ணீர் மட்டும் பட்டால் பிழைக்க வழியுண்டு, ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால்தான் கதை முடியும் என்றான். "ஸ்விட்ச்சு மேல கை வெக்காதே. உள்ள கீற சின்ன பேட்டரிய கழட்டிட்டு, நாளைக்கு ஃபுல்லா ஃபேன் காத்துல வுடு."

துரைராஜ் மீசையைத் தடவிக்கொண்டான். பார்த்தியா, சாமி சொன்னதைத்தான் அவனும் சொல்றான் என்று அன்று ராத்திரி முழுக்க அவன் அடித்த அலட்டல் தாங்கவில்லை.

பூஜையன்று வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு, மனிதர்கள் பேப்பரால் விசிறிக்கொண்டார்கள். செண்பகம் வாயில் பொரி இறங்கவில்லை.

விஜயதசமி காலை கற்பூரம் காட்டிவிட்டு, பேட்டரியை மாட்டி, அனுப்ரியா பட்டனை அமுக்கினாள். சத்தமே இல்லை. செத்துப்போச்சு என்று செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் திரை வெளிச்சமானது. கம்ப்யூட்டருக்குள் இருந்த விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தூசி போனதால் இரைச்சலும் போயிருந்தது. அப்பாடா! செண்பகத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, கூடவே அழுகையும். அடக்கி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

அதற்குள் கம்பெனி மேடம் வீடியோவில் வந்துவிட்டார்கள். யாரோ அழுகிற சத்தம் கேட்கிறதே, ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்கள்.

அனுப்ரியா கையை நீட்டி அம்மாவைக் கேமராவுக்கு முன்னால் இழுத்தாள்.

"பிரச்சினைலாம் ஒண்ணும் இல்ல மேடம். எங்கம்மா. சிஸ்டம் மெயின்டனன்ஸ் இவங்கதான் பாக்குறாங்க."