செல்வமேரியின் போனும் திங்கட்கிழமை மாவும்

திங்கட்கிழமையிலிருந்து இந்தப் போனில் ஆப் வேலை செய்யாது என்று அறிவிப்பு வந்ததும், செல்வமேரி போனைத் தூக்கிக்கொண்டு நேரே கெசியா வீட்டுக்கு வந்துவிட்டாள். சேலையூர்ப் பக்கத்துப் பிளாட்டுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள் அவள். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று சொல்வது அந்த ஆப்தான். அதற்கு நிரல் எழுதும் நாலு பேரில் கெசியாவும் ஒருத்தி.

"இன்னா கெசியா, உங்க ஆப் என்னை வெளிய போன்னுது?"

"அப்டேட் போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"போன்ல இடமில்ல போலன்னு சர்ச் பாடகர் குழு வீடியோ, பைபிள் வசனம், கேரல்ஸ் அல்லாத்தையும் அழிச்சேன். ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுகினுதான் அழிச்சேன். அப்பவும் ஏறல."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

"ஐயோ, இடத்தால இல்லக்கா. போன் செஞ்ச கம்பெனியே இந்த மாடலைக் கைவிட்டுட்டாங்க. போனுக்குள்ள திருடன் புகுந்தா தடுக்க ஆளில்ல. எங்க ஆப்ல பணம் ஓடுதே."

"போன் நல்லாத்தானே கீது? பேசுது, பாடுது."

"போன் மேல குத்தமில்ல. நாங்க எதை மாத்தினாலும் பழைய போன்ல தனியா ஓட்டிப் பாக்கணும். இதைச் சரிபண்ணா புதுசுல ஒண்ணு புட்டுக்குது. நாலு பேரால முடியலக்கா."

"நான் புதுப் போன் வாங்கறதுக்குள்ள என் வூடுங்க வேற மாவுக்காரிய புட்ச்சிகினா? திரும்பி வருவாங்களா?"

கெசியா அவள் போனை வாங்கி ஆப்பைத் திறந்தாள்.

"ஆப்ல நீங்க என்னென்ன பாப்பீங்க?"

"எந்த வூடு, எவ்ளோ மாவு. மத்த பட்டனத் தொடவே பயம்."

"பணம்?"

"கையிலதான் தருவாங்க."

கெசியா உடனே மேலாளர் டெனிஸுக்குப் போன் போட்டாள். "சார், பழைய போன்காரங்களுக்கு ஆர்டரை மட்டும் எஸ்எம்எஸ்ஸா அனுப்பலாமா? பணம் அதுல வேணாம்."

"இன்னொரு வேலையா? யாரும்மா பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேன் சார். எஸ்எம்எஸ் எல்லாப் போன்லயும் வரும். மாடல் மாடலா சோதிக்க வேணாம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம்."

திங்கட்கிழமை காலை கெசியா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செல்வமேரி அழைத்தாள்.

"வந்துச்சு கெசியா! செம்பாக்கம், மிருதுளா வூடு, ரெண்டு கிலோ. அந்தம்மா எப்பவும் ஒண்ணுதானே வாங்கும்?"

"விருந்தாளி வந்திருப்பாங்கக்கா."

"அப்ப புளிக்காத மாவா எடுத்துனு போணும். வெச்சிடறேன், லேட்டாவுது!"